முதல் கருப்பு வெள்ளைக் காதல் படம்: ஐந்தில் எதைப் போடுவது?

சித்தி மகள் போன வாரம் போன் பண்ணியிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. வார விடுமுறையில் இருவரும் சேர்ந்து பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களைப் பார்க்க ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்து, நான் எப்போதோ புகழ்ந்து பேசியது ஞாபகம் வந்து, 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யைப் போட்டிருக்கிறார்கள். "அண்ணா, இருபது நிமிஷத்துல அவர் தூங்கிட்டாரு. எனக்கு சப்டைட்டில் படிக்கவே நேரம் சரியா இருந்துச்சு, யார் முகத்தையும் பார்க்க முடியல. இதுல எங்க கெமிஸ்ட்ரி இருக்கு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அந்தப் படத்தில் கெமிஸ்ட்ரி கொட்டிக் கிடக்கிறது, ஆனால் இந்த மாதிரிப் படங்களைப் புதிதாகப் பார்க்க வருகிறவர் கண்ணில் அது படவே படாது. எனக்கு அந்தப் படத்தின் மேல் இருக்கும் பிரியத்தில், எதற்குப் பிறகு அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல விட்டுவிட்டேன். அவளை மாதிரியே கேட்ட வேறு இரண்டு மூன்று பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். கட்டாயம் பார்க்க வேண்டிய நூறு படங்கள் என்ற பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. எதில் தொடங்குவது, யாரோடு உட்கார்ந்து பார்ப்பது, எந்தப் படம் யாருக்கு ஒத்துவராது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் ஐந்து படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தையும் பல தடவை பார்த்திருக்கிறேன், ஐந்தும் அருமையான படங்கள். எது பெரிய படம் என்பது இங்கே பேச்சில்லை, முதலில் எது என்பதுதான்.

## எதை வைத்து அளப்பது

முதலில் கெமிஸ்ட்ரி. நம் ஊரில் ஒரு ஜோடிக்குக் கெமிஸ்ட்ரி நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் பாட்டில் சேர்ந்து நிற்கும்போது அழகாக இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இந்தப் படங்களில் பாட்டு இல்லை. 1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்தன, திரையில் கணவன் மனைவிக்கே தனித்தனிக் கட்டில் போட்டார்கள். தொட்டுக் காட்ட முடியாததை எல்லாம் பேச்சிலும் பார்வையிலும் காட்ட வேண்டியிருந்தது. அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்கிறார்? காதில் வாங்குகிறாரா, தன் வசனம் வருவதற்காகக் காத்து நிற்கிறாரா? காதில் வாங்குகிறவர்களின் முகம், தன் முறை இல்லாதபோதும் வேலை செய்துகொண்டே இருக்கும். இது பிடிபட்டுவிட்டால் இந்தப் படங்கள் எல்லாமே திறந்துகொள்ளும்.

இரண்டாவது, சப்டைட்டில் சுமை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நமக்கோ இதுதான் பெரிய செலவு. எழுத்தைப் படிக்கிற கண், முகத்தைப் பார்க்காது. வசனம் எவ்வளவு வேகமோ அவ்வளவு முகம் நஷ்டம்.

மூன்றாவது, இன்றைக்குப் பார்த்தால் உறுத்துகிற விஷயங்கள். பக்கத்தில் மனைவியோ மகளோ உட்கார்ந்திருக்கும்போது, திரையில் ஒருவன் பெண்ணை அடிப்பதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசினால் அந்த ராத்திரியே கெட்டுப்போகலாம். முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

நான்காவது, முடிந்த பிறகு மனசு எங்கே நிற்கிறது என்பது. சிரிக்க ஆசைப்பட்டு உட்கார்ந்தவருக்குக் கண்ணீர் வந்தால் அது ஏமாற்றம்தான், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

| படம் | ஆண்டு | நிமிடங்கள் | ஜோடி | சப்டைட்டில் சுமை | முடிந்ததும் |
|---|---|---|---|---|---|
| இட் ஹாப்பன்ட் ஒன் நைட் | 1934 | 105 | கிளார்க் கேபிள், கிளாடெட் கோல்பேர் | நடுத்தரம் | சிரிப்பு |
| ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே | 1940 | 92 | கேரி கிராண்ட், ரோசலிண்ட் ரஸ்ஸல் | மிக அதிகம் | மூச்சு வாங்கும் |
| தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி | 1940 | 112 | கேத்தரின் ஹெப்பர்ன், கேரி கிராண்ட், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் | அதிகம் | வாக்குவாதம் |
| தி ஷாப் அரவுண்ட் த கார்னர் | 1940 | 99 | ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மார்கரெட் சல்லவன் | குறைவு | நெகிழ்ச்சி |
| ரோமன் ஹாலிடே | 1953 | 118 | கிரெகரி பெக், ஆட்ரி ஹெப்பர்ன் | மிகக் குறைவு | கனம் |

## இட் ஹாப்பன்ட் ஒன் நைட்

பணக்கார வீட்டுப் பெண் எல்லி. அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டதால் அவர் அவளைக் கப்பலில் அடைத்து வைக்கிறார், அவள் கடலில் குதித்துத் தப்பிக்கிறாள். மயாமியிலிருந்து நியூயார்க் போகும் ராத்திரி பஸ்ஸில், அப்போதுதான் வேலை பறிபோன பத்திரிகைக்காரன் பீட்டர் பக்கத்து சீட்டில் வந்து வாய்க்கிறான். கதை எங்கேயோ கேட்டது போல் இருந்தால் ஆச்சரியமில்லை. 1956இல் நம் சென்னை ஏவி.எம். நிறுவனம் ராஜ் கபூரையும் நர்கிஸையும் வைத்து இந்தியில் எடுத்த 'சோரி சோரி' இதே கதைதான். 1966இல் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடித்த 'சந்திரோதய'த்திலும் இதன் சாயல் உண்டு. கதையின் போக்கு ஓரளவு தெரிந்திருப்பது முதல் தடவை பார்க்கிறவருக்கு நல்ல வசதி, சப்டைட்டிலில் ஒரு வரி தவறினாலும் பாதகமில்லை.

படம் எடுக்கப்பட்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கொலம்பியா அப்போது சின்ன ஸ்டூடியோ. கேபிளை எம்.ஜி.எம்.மிடமிருந்தும் கோல்பேரை பாராமவுண்டிடமிருந்தும் கடனாக வாங்கினார்கள். கோல்பேர் வழக்கமான சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு, 50,000 டாலர் கேட்டார், நான்கு வாரத்தில் முடித்து அனுப்ப வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார். வேலை முடிந்ததும், இதைவிட மோசமான படம் கிடையாது என்கிற மாதிரி நண்பர்களிடம் சொன்னாராம். அந்தப் படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஆஸ்கரின் ஐந்து பெரிய விருதுகளையும் அள்ளியது. அப்படி ஒரே படம் ஐந்தையும் வாங்கியது அதுதான் முதல் தடவை. ரயிலேறக் கிளம்பிய கோல்பேரைத் திரும்ப அழைத்துவந்து, பயண உடையிலேயே மேடையேற்றினார்கள். அவருடைய அந்த எரிச்சல்தான் படத்தின் பாதி பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் அரை மணி நேரம் எல்லி பீட்டரைப் பார்க்கும் பார்வையில் சலிப்பு நிஜமாகவே இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதும் அதனால் நம்பும்படி இருக்கிறது.

எல்லோரும் பேசுவது போர்வைக் காட்சியை. மழை, வழியோர விடுதி, கையில் காசு குறைவு, ஒரே அறை. பீட்டர் இரண்டு கட்டிலுக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு ஜெரிக்கோவின் சுவர் என்று பைபிளிலிருந்து பேர் வைக்கிறான். விளக்கை அணைத்த பிறகு ஜன்னலில் மழைத்துளியின் வெளிச்சம், போர்வைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் தூங்காமல். அழகான காட்சிதான், மறுக்கவில்லை.

எனக்கு அதைவிட முக்கியம் மறுநாள் காலை. அப்பா அனுப்பிய துப்பறிகிற ஆட்கள் விடுதிக்கு வந்து அறை அறையாகத் தட்டுகிறார்கள். பீட்டர் சட்டென்று எல்லியை உட்கார வைத்து, தலைமுடியைக் கலைத்துவிட்டு, காலங்காலமாகச் சண்டை போடுகிற புருஷன் மாதிரி கத்த ஆரம்பிக்கிறான். முன்கூட்டி எதுவும் பேசிவைக்கவில்லை. அவள் ஒரு நொடி விழிக்கிறாள், ஒரே நொடிதான். அப்புறம் அவனை மிஞ்சுகிற குரலில் திரும்பக் கத்துகிறாள், அழுகிறாள், கீச்சிடுகிறாள். வந்தவர்கள் சங்கடப்பட்டு வெளியேறுகிறார்கள், கதவு சாத்தியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவளுக்கு மூளை இருக்கிறது என்று அவன் கண்டுகொள்வதும், இவனோடு சேர்ந்து ஒரு வேலை செய்யலாம் என்று அவள் கண்டுகொள்வதும் அந்தச் சிரிப்பில்தான். ஒருவர் தொடங்கியதை மற்றவர் பிடித்துக்கொள்வது என்று நான் மேலே சொன்னதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் காட்சி வேறு எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. சப்டைட்டில் இல்லாமல் பார்த்தாலும் புரியும்.

மறைமுகச் செலவு இரண்டு. ஆரம்பத்திலேயே அப்பா மகளைக் கன்னத்தில் அறைகிறார். கடைசிப் பக்கம் பீட்டர் அவள் அப்பாவிடம், இவளுக்குத் தினம் ஒரு அடி கொடுக்கிற ஆள்தான் சரி என்கிற மாதிரி பேசுகிறான், கோபத்தில் காதலை மறைத்துப் பேசுவது என்று வைத்துக்கொண்டாலும் அந்த வரி எனக்கு ஒவ்வொரு தடவையும் கசக்கிறது. அதோடு கடைசி இருபது நிமிடம் ஒரு வெறும் தப்பர்த்தத்தை வைத்துக் கொஞ்சம் இழுக்கிறார்கள். ஆனாலும் கடைசிக் காட்சி எல்லாவற்றையும் ஈடு செய்துவிடும். அதில் கேபிளும் கோல்பேரும் திரையிலேயே இல்லை. எப்படி என்று சொல்ல மாட்டேன்.

யாருக்கு: இதுவரை இப்படி ஒரு படமும் பார்க்காதவருக்கு. கணவன் மனைவிக்கு, நண்பர்கள் கூட்டத்துக்கு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும்.

## ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே

வால்டர் பத்திரிகை ஆசிரியர், ஹில்டி அவருடைய முன்னாள் மனைவி, முன்னாள் நிருபரும்கூட. நாளைக்கு வேறொரு கல்யாணம், இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கும் சாதுவான புரூஸோடு. அவள் போய்விடக் கூடாது என்று வால்டர் செய்யும் தகிடுதத்தம்தான் படம். மூல நாடகத்தில் ஹில்டி ஆண். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கினார், வேலைக்காக நடந்த இழுபறி காதலுக்கான இழுபறியாகவும் ஆனது. ஒருவர் வசனம் முடிவதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவது தவறுதலாக நடந்ததில்லை, ஹாக்ஸ் அப்படித்தான் வேண்டும் என்று எடுத்தார். கேரி கிராண்டுக்கு ஈடுகொடுக்கத் தன் வசனங்கள் போதாது என்று ரஸ்ஸல் தன் கைக்காசு போட்டு ஒரு எழுத்தாளரை வைத்து வரிகள் எழுதி வாங்கினார். அந்தப் போட்டி திரையில் தெரிகிறது, இருவரும் மற்றவரை அசரடிக்கப் பார்க்கிறார்கள்.

இதில் கெமிஸ்ட்ரி எங்கே என்று கேட்ட தங்கைக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். பிற்பாதியில் ஒரு இடம் வரும். ஹில்டி டைப்ரைட்டரில் செய்தியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், புரூஸ் வந்து நின்று கல்யாணம், ரயில், அம்மா என்று பேசிக்கொண்டே இருக்கிறான். அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதே அறையில் போனில் கத்திக்கொண்டிருக்கும் வால்டரின் ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுகிறது, தட்டிக்கொண்டே பதில் சொல்கிறாள். யாரோடு வாழப்போகிறாள் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது, ஒரு காதல் வசனம்கூட இல்லாமல்.

அதைப் பார்க்க வேண்டுமானால் கண் திரையின் அடிப்பகுதியிலிருந்து மேலே வர வேண்டுமே, அதுதான் பிரச்சினை. ஆங்கிலத்தைக் காதால் வேகமாகப் பிடிக்கிறவர்களுக்கே இரண்டாவது தடவைதான் முழுசாகக் கிடைக்கும். போதாததற்கு, அமெரிக்காவில் இந்தப் படத்தின் காப்புரிமை காலாவதியாகி எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டதால், ஒலி இரைச்சலாகவும் படம் மங்கலாகவும் இருக்கும் பிரதிகள் இலவசமாக எங்கும் கிடைக்கின்றன. தங்கை பார்த்ததும் அப்படி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சீர்படுத்திய பிரதியாகத் தேடிப் பாருங்கள். இன்னொன்று, கதையின் பின்னணியில் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவன் இருக்கிறான், ஒரு பெண் ஜன்னலிலிருந்து குதிக்கிறாள், கறுப்பின மக்களைப் பற்றி நிருபர்கள் பேசும் சொற்கள் இன்று காதில் விழக் கூடாதவை. லேசான படம் என்று நினைத்து உட்கார்ந்தால் இதெல்லாம் அதிர்ச்சியாக இருக்கும்.

யாருக்கு: சப்டைட்டில் இல்லாமல் பார்க்க முடிகிறவருக்கு, பத்திரிகையிலோ டிவி செய்திப் பிரிவிலோ வேலை பார்க்கிறவருக்கு, இந்தப் பட்டியலில் மற்ற நான்கையும் முடித்தவருக்கு. அப்படிப் பார்த்தால் இதைப்போல் ஒரு விருந்து கிடையாது.

## தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், முதல் படமாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 1938இல் திரையரங்கு உரிமையாளர்கள் சங்கம் ஒன்று கேத்தரின் ஹெப்பர்னை வசூலுக்கு விஷம் என்று விளம்பரம் போட்டது. அவர் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குப் போய், பிலிப் பாரி அவருக்காகவே எழுதிய இந்த நாடகத்தில் நடித்து வென்று, படமாக்கும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு ஹாலிவுட்டுக்குத் திரும்பினார். அந்தத் திமிர், நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன், அவர் நடிக்கும் ட்ரேசி பாத்திரம் முழுக்க இருக்கிறது.

இதில் ஜோடி யார் என்பதே கேள்வி. பழைய கணவன் கிராண்டா, இரவு மயக்கத்தில் தோட்டத்தில் அவளிடம் உருகும் ஸ்டூவர்ட்டா? ஆஸ்கர் ஸ்டூவர்ட்டுக்குப் போனது. என்னைக் கேட்டால் படத்தின் மிகச் சிறந்த கெமிஸ்ட்ரி கிராண்டுக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் நடுவில்தான். குடித்துவிட்டு நள்ளிரவில் வரும் ஸ்டூவர்ட்டுக்கு விக்கல் வருகிறது, அது எழுதிவைத்த விக்கல் இல்லை என்று சொல்வார்கள், கிராண்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலைமையைச் சமாளிப்பது அப்படியே தெரிகிறது. அந்த இரண்டு நிமிடத்துக்காக மட்டும் பார்க்கலாம்.

செலவு பெரிது. முதல் காட்சியிலேயே கிராண்ட் ஹெப்பர்னின் முகத்தில் கைவைத்துக் கீழே தள்ளுகிறார், சிரிப்பதற்காக. அதைவிடக் கஷ்டம், தன் கள்ள உறவுக்கு மகளின் குணம்தான் காரணம் என்று அப்பா நீட்டி முழக்கும் இடம். படமும் அவர் பக்கமே நிற்கிறது. அது எனக்குச் செரிக்கவே இல்லை. இதைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு மணி நேரம் விவாதிக்கத் தயார் என்றால் தாராளமாகப் போடுங்கள், அதற்கு நல்ல படம்.

## தி ஷாப் அரவுண்ட் த கார்னர்

எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் இது. புடாபெஸ்டில் ஒரு தோல்பை, பரிசுப்பொருள் கடை. அங்கே வேலை பார்க்கும் கிராலிக்கும் க்ளாராவும் ஒருவரையொருவர் கண்டாலே கரிக்கிறார்கள். இருவருமே முகம் தெரியாத ஒருவருக்குக் காதல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒருவர் யார் என்பது நமக்குச் சீக்கிரமே புரிந்துவிடும். 1998இல் டாம் ஹாங்க்ஸும் மெக் ரையனும் நடித்த 'யூ'வ் காட் மெயில்' இதன் மறு ஆக்கம், அதைப் பார்த்திருந்தாலும் இதைப் பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை, இரண்டுக்கும் மனசு வேறு.

இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிச் பெர்லினில் தையல் கடைக்காரர் ஒருவரின் மகன், அப்பா கடையில் வேலை பார்த்தவர். அது படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் இருக்கிறது. காலையில் முதலாளி வருவதற்கு முன் கதவுக்கு வெளியே கூடி நிற்கும் ஊழியர்கள், அவர் மனநிலையை முகத்தில் படிக்கப் பார்ப்பது, வேலை போய்விடுமோ என்று உள்ளூர இருக்கும் பயம். ஜவுளிக்கடையிலோ மளிகைக்கடையிலோ வேலை பார்த்தவர்கள் இதை வேறுவிதமாகப் பார்ப்பார்கள். என் அப்பா ஒரு பாத்திரக் கடையில் பத்து வருஷம் கணக்கு எழுதியவர், ஆங்கிலப் படம் பார்க்கும் வழக்கம் இல்லாதவர், இதை மட்டும் எழுந்திருக்காமல் பார்த்தார்.

ஸ்டூவர்ட்டும் சல்லவனும் நான்கு படங்களில் சேர்ந்து நடித்தவர்கள், 1936இல் இன்னும் பெயர் வாங்காத ஸ்டூவர்ட்டைத் தனக்கு ஜோடியாகப் போடச் சொல்லி வற்புறுத்தியதே சல்லவன்தான். அந்தப் பழக்கம் இருவர் நடுவிலும் தெரிகிறது, ஒருவரும் மற்றவரை முந்தப் பார்ப்பதில்லை. காபிக் கடைக் காட்சியைக் கவனியுங்கள். கடிதத்தின் ஆள் வருவார் என்று அவள் ஒரு புத்தகமும் பூவும் வைத்துக் காத்திருக்கிறாள். வந்து எதிரே உட்காருவது கிராலிக். அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. போய்த் தொலையாமல் இருக்கிறானே என்ற ஆத்திரத்தில், உனக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பைதான் இருக்கும் என்று தொடங்கி, கடைசியில் அவன் ஒன்றுக்கும் ஆகாத சாதாரணக் கடைக் குமாஸ்தா என்று முடிக்கிறாள். ஸ்டூவர்ட்டின் முகம் அப்போது எதையும் செய்வதில்லை. கேட்டுக்கொள்கிறார், எழுந்து போகிறார், அவ்வளவுதான். தான் மிகவும் மதிக்கும் பெண்ணின் வாயிலிருந்தே அதைக் கேட்டவன் என்பது நமக்குத் தெரிவதால் நெஞ்சை அடைக்கிறது.

மறுநாள் தபால் நிலையம். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து கேமரா பார்க்கிறது. கையுறை போட்ட ஒரு கை உள்ளே வருகிறது, தடவுகிறது, ஒன்றும் இல்லை. கை போகிறது, அந்தச் சின்ன சதுரத்தில் க்ளாராவின் முகம் குனிந்து எட்டிப் பார்க்கிறது. சில நொடிகள்தான், ஒரு வார்த்தை இல்லை. காதல் நகைச்சுவை என்ற வகைக்குள் இப்படி ஒரு நொடி இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியது இந்தப் படம்தான்.

செலவு என்றால், முதல் இருபது நிமிடம் மெதுவாகப் போகும், கடைக்குள்ளேயே சுற்றும். கிராலிக்குக் கடிதத்தின் உண்மை தெரிந்த பிறகும் அவளிடம் சொல்லாமல் கொஞ்சம் விளையாடுகிறான், அது சிலருக்குப் பிடிக்காது. முதலாளி தற்கொலைக்கு முயலும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால் அந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு: பெற்றோரோடு பார்க்க இதைவிட நல்ல படம் இந்த ஐந்தில் இல்லை. தனியாக ஒரு ராத்திரி பார்க்கவும். கதை கிறிஸ்துமஸ் முந்தின நாள் பனியில் முடிவதால் டிசம்பரில் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

## ரோமன் ஹாலிடே

எல்லோரும் முதலில் கைநீட்டுவது இதற்குத்தான், காரணமும் இருக்கிறது. வசனம் குறைவு, ஆங்கிலம் நிதானம், ரோம் நகரத்தையே போய் எடுத்திருக்கிறார்கள், ஆட்ரி ஹெப்பர்ன் முதல் பெரிய வேடத்திலேயே ஆஸ்கர் வாங்கினார். மரபுகளால் மூச்சுத் திணறும் இளவரசி ஒரு ராத்திரி ரோமில் தன் நாட்டுத் தூதரகத்திலிருந்து நழுவுகிறாள், நிருபன் ஜோ அவளை வைத்து ஒரு பெரிய செய்தி பண்ணிவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். அவள் யார் என்று அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

சத்தியத்தின் வாய் என்ற கல்முகத்துக்குள், பொய் சொல்கிறவர் கையை விட்டால் கடித்துவிடும் என்று கதை. பெக் கையை உள்ளே விட்டு, சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு, கை போய்விட்டது போல வெளியே எடுப்பார். ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அந்த அலறல் நிஜம். பெக் அப்போதே பெரிய நட்சத்திரம், அவளைவிட 13 வயது மூத்தவர். ஆனாலும் இந்தப் பெண்ணின் பெயரும் தன் பெயருக்குச் சமமாகத் தலைப்புக்கு மேலே வர வேண்டும் என்று அவரே சொன்னார். படத்திலும் அதே தாராளம்தான், பெரும்பாலான காட்சிகளில் அவர் சும்மா அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பார்ப்பதையே நடிப்பாக ஆக்குகிறார்.

செலவு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. இது சேர்கிற கதை இல்லை. கடைசிப் பத்து நிமிடம் எல்லோர் முன்னிலையிலும் கண்ணால் மட்டும் பேசிக்கொள்ளும் இருவர், அப்புறம் காலியான ஒரு பெரிய கூடம். என் வரையில் காதல் படங்களிலேயே சிறந்த முடிவுகளில் ஒன்று. புதிதாகக் கல்யாணமானவர்கள் ஞாயிறு ராத்திரி பார்த்தால் திங்கள்கிழமை காலை வரை கனமாக இருக்கும். நகைச்சுவை வேண்டும் என்று வருகிறவருக்கு இதை முதலாவதாகக் கொடுத்தால், இந்த வகைப் படமெல்லாம் இப்படி நிதானமாகவும் சோகமாகவும்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவார், கேபிளும் ரஸ்ஸலும் அடிக்கும் கூத்து அவருக்குக் கிடைக்காமலே போகும்.

ஆனால் ஆங்கிலம் சிரமம் என்பவருக்கும், சப்டைட்டிலே வேண்டாம் என்பவருக்கும் இதுதான் வாசல். கல்லூரிக்குப் போகும் பெண்கள் சேர்ந்து பார்க்கவும் இதையே சொல்வேன்.

## போடுவதற்கு முன்

எந்தப் படமானாலும் ஒரு விஷயம். இவை சதுரத்துக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய வடிவத்தில் எடுக்கப்பட்டவை, டிவியில் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும். அதைப் பார்த்ததும் ரிமோட்டை எடுத்துத் திரை முழுக்கப் பரப்பாதீர்கள், தலையும் கையும் வெட்டுப்படும், இல்லாவிட்டால் முகம் அப்பளம் மாதிரி அகன்றுவிடும். முகத்தைப் பார்க்கத்தானே உட்காருகிறோம். அப்புறம், ஒரு காட்சி பிடித்திருந்தால் திரும்ப ஓட்டி, சப்டைட்டிலை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரை மட்டும் பாருங்கள்.

சிறுத்தையோடு கேரி கிராண்டும் கேத்தரின் ஹெப்பர்னும் ஓடித் திரியும் 1938இன் 'பிரிங்கிங் அப் பேபி'யை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் அதுவும் ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே மாதிரிதான், பழகிய காதுக்கும் கண்ணுக்கும் உரியது.

தங்கைக்கு நான் சொன்ன வரிசை: முதலில் இட் ஹாப்பன்ட் ஒன் நைட், இரண்டாவது ஷாப் அரவுண்ட் த கார்னர், மூன்றாவது ரோமன் ஹாலிடே, அதற்குப் பிறகு திரும்ப ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே. ஃபிலடெல்ஃபியா எப்போது வேண்டுமானாலும், இருவருக்கும் வாதாடத் தெம்பு இருக்கும் ஒரு நாளில். மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்பதையும், இருவரும் வேலை முடிந்து களைத்துத்தான் உட்காருகிறார்கள் என்பதையும் மனசில் வைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

நேற்று ராத்திரி முதலாவதைப் போட்டிருக்கிறார்கள். ஆட்கள் கதவைத் தட்டி, கேபிளும் கோல்பேரும் சண்டை போட ஆரம்பித்ததும் மாப்பிள்ளை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம், அந்தக் காட்சியை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்களாம். அடுத்ததை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அவ்ளோ நாள் எல்லாம் முடியாது அண்ணா, வர்ற சனிக்கிழமையே பார்க்கிறோம்" என்றாள்.